குதிகாலும் பின்வாசல் படியும்

காலைல எந்திரிச்சு கட்டில விட்டு எறங்கி மொத அடி வைக்கும்போது குதிகாலுக்கு ஒரு ரெண்டு இன்ச் மேல சுருக்குன்னு ஒரு வலி. பழைய ரப்பர் ட்யூப் வெறைச்சுப் போயி மடங்க மாட்டேங்குற மாதிரி. பாத்ரூம் வரைக்கும் நொண்டிட்டே போறது, காபி போட்டு முடிக்கிறதுக்குள்ள தானா சரியாயிடும், அப்புறம் ஷூவ மாட்டிட்டு ஓடப் போனா மொத ரெண்டு கிலோமீட்டர் வலிக்கும், பிறகு சூடேறினதும் காணாமப் போயிடும். அதனால நானும் பெருசா எடுத்துக்கல. இப்படியே மூணு வாரம் போச்சு. நாலாவது வாரம் வலி மொத கிலோமீட்டர்லேந்து கடைசி கிலோமீட்டர் வரைக்கும் கூடவே வந்துச்சு.

இது நடந்தது தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல, ஒரு பிப்ரவரி மாசம். தென்காசிப் பக்கத்துலேந்து இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு, ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கேன், நாப்பதத் தொடப்போற வயசுல ஓட ஆரம்பிச்சவ. ஏன் ஓட ஆரம்பிச்சேன்னு கேட்டா ஒரே காரணம் காம்ரேட்ஸ். நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்காகச் சொல்றேன், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல வருஷா வருஷம் நடக்குற ஓட்டப்பந்தயம் அது, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். மொதல் உலகப்போர்ல செத்துப்போன சிப்பாய்ங்க நினைவா விக் கிளாப்பம்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, 1921 மே 24 அன்னிக்கு 34 பேர் ஓடினாங்க. பெரும்பாலும் ஒரு வருஷம் கடல்லேந்து மலைக்கு ஏத்தம், அடுத்த வருஷம் மலைலேந்து கடலுக்கு எறக்கம். 12 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், முடியுற நேரத்துல ஒருத்தர் ஓடி வர்றவங்களுக்கு முதுகக் காட்டி நின்னுட்டு துப்பாக்கியச் சுடுவார், ஒரு அடி பிந்தினாலும் மெடல் கிடையாது. அத டிவில பாத்துட்டு அழாத வீடு இந்த ஊர்ல இல்ல.

எங்க கீழ்வீட்டு அங்கிள் அத 14 தடவை முடிச்சவர். பத்து தடவை முடிச்சா சட்டைல குத்திட்டு ஓடின அந்த நம்பர் ஆயுசுக்கும் ஒங்களுக்கே சொந்தம், பச்சை நம்பர்னு சொல்லுவாங்க, அவர் வீட்டு ஹால்ல சாமி படங்களுக்குப் பக்கத்துல அத ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சிருக்கார். அவர் டர்பன்லயே இந்தியர்கள் நெறைய இருக்கற சாட்ஸ்வொர்த்ல வளந்தவர், கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்தவர். அங்கிளுக்கு தமிழ் கேட்டா புரியும், ஆயா பேசினது காதுல நின்னுருக்கு, ஆனா பதில் பாதி தமிழ்ல பாதி இங்கிலீஷ்ல வரும். அவங்க அப்பாவும் நல்லா ஓடுவாராம். ஆனா அவர் காலத்துல இந்தியர்களும் கறுப்பினத்தவங்களும் பொம்பளைங்களும் காம்ரேட்ஸ்ல அதிகாரப்பூர்வமா ஓட முடியாது, 1975ல தான் அந்தக் கதவு தெறந்துச்சு. அப்பா ஓட முடியாத ரோட்டுல மகன் 14 தடவை ஓடினார். நான் ஓடணும்னு சொன்னப்போ அவர் கேட்ட மொத கேள்வி "எவ்வளவு நாள் பொறுமையா இருப்ப மா?"

பொறுமைதான் எங்கிட்ட இல்லாமப் போச்சு. ஜனவரில வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடிட்டு இருந்தவ மூணே வாரத்துல 65க்கு ஏத்திட்டேன், அதுவும் மலை ரோட்டுல. அது போதாதுன்னு தைப்பூசத்துக்கு பால்குடம் எடுத்துட்டு கொதிக்கிற தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்தேன், தினமும் குதிகால் ஒசந்த மெத்து மெத்துன்னு ஷூ போட்ட காலுக்கு அன்னிக்கு குதிகால் தாழ்ந்து அதுக்கு மேல கயிறு மாதிரி இருக்கற தசைநாண் முழுசா இழுபட்டிருக்கும். முருகன் மேல பழி போடல, அதுக்கு முந்தின மூணு வாரம் நான் கூட்டின தூரத்துக்குத்தான் அந்தப் பழி.

டாக்டர்கிட்ட போனேன். கால அமுக்கிப் பாத்தார், ரெண்டு நிமிஷம், வீக்கம் கொறைய மாத்திரை, ஷூவுக்குள்ள வைக்க ஜெல் துண்டு, ஆறு வாரம் ஓடக்கூடாது. அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். "வலிக்குதுன்னு தெரிஞ்சும் ஏன்டி ஓடுற, நல்லெண்ணெய் காய்ச்சித் தடவிட்டு சும்மா படு, யாரு ஒன்ன அவ்வளவு தூரம் ஓடச் சொன்னா"ன்னாங்க. டாக்டரும் அம்மாவும் ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு நானும் ஆறு வாரம் சும்மா இருந்தேன். லிஃப்ட்லதான் ஏறினேன், கடைக்குக் கூட கார்லதான் போனேன். வலி சுத்தமா போயிடுச்சு. ஏழாவது வாரம் சந்தோஷமா மெதுவா அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் ஒண்ணும் இல்ல, அதுக்கு அடுத்த நாள் காலைல கட்டில விட்டு எறங்குறேன், அதே வலி, முன்னவிட ஒரு படி அதிகமாவே. அந்த வருஷ காம்ரேட்ஸ் அதோட போச்சு. கட்டில் ஓரத்துலயே ஒக்காந்து அழுதேன்.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தப் படிப்பு. கணக்கு டீச்சர்ங்கறதால ஆராய்ச்சிக் கட்டுரைல இருக்கற எண்கள் எனக்கு பயம் இல்ல, மருத்துவ வார்த்தைகளத்தான் ஒவ்வொண்ணா தேடித் தேடி படிச்சேன்.

நம்ம ஊர்ல குதிகாலுக்கு மேல இருக்கறத நரம்புன்னு சொல்லுவோம். "நரம்பு இழுத்துக்கிச்சு"ம்போம். அது நரம்பு இல்ல, தசைநாண். கெண்டைக்கால் சதைய குதிகால் எலும்போட கட்டி வச்சிருக்கற கயிறு, அக்கிலிஸ்னு பேரு, ஒடம்புலயே பெரிய நாண் அதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம்ம எடைய மாதிரி ஆறேழு மடங்கு இழுப்ப அது தாங்குது. இந்த நாணப் பத்தி டென்மார்க்காரங்க 2013ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதப் படிச்ச ராத்திரி எனக்கு தூக்கமே வரல. 1950கள்லயும் 60கள்லயும் நாடு நாடா அணுகுண்டு வெடிச்சு சோதனை பண்ணாங்க இல்லயா, அதுல காத்துல கார்பன் 14ங்கற அணு ஏகத்துக்கும் கூடிப்போச்சு, 1963ல ஒப்பந்தம் போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுது. அந்தக் காலத்துல சாப்பிட்ட அரிசிலயும் பால்லயும் காய்கறிலயும் அந்தக் கார்பன் போயி ஒடம்புல சேந்துச்சு. இவங்க என்ன பண்ணாங்கன்னா வெவ்வேற வருஷத்துல பொறந்தவங்களோட அக்கிலிஸ் நாண எடுத்து அதுக்குள்ள எந்த வருஷத்துக் கார்பன் இருக்குன்னு அளந்து பாத்தாங்க. சதை மாதிரி அடிக்கடி புதுப்பிச்சுக்கற பொருளா இருந்தா சமீபத்துக் கார்பன்தான் இருக்கணும். ஆனா நாணோட நடுப்பாகத்துல இருந்தது அவங்க வளர்ற வயசுல காத்துல இருந்த கார்பன். அதாவது மனுஷனுக்கு சுமார் 17 வயசு வரைக்கும் கட்டின கயிறுதான், அதுக்கப்புறம் அந்த நடுப்பாகம் கிட்டத்தட்ட புதுப்பிக்கப்படறதே இல்ல.

நாப்பத்திச் சொச்சம் வயசுல நான் டர்பன் ரோட்டுல ஓடுறது தென்காசில சைக்கிள் மிதிச்சு ஸ்கூலுக்குப் போன பொண்ணு கட்டி வச்ச கயிற வச்சுத்தான். அந்தக் கயிறு சும்மா படுத்துக் கெடந்தா எப்படி புதுசாகும்? ஆகாது. நோவு வந்த நாண்ல இழைங்க வரிசை கலைஞ்சு கெடக்கும், ஓய்வுல வலி அடங்குது, அவ்வளவுதான், கயிறு பலமாகல. பலமாகலங்கறது கூட இல்ல, ஆறு வாரம் இழுப்பே இல்லாம இருந்ததுல அது இன்னும் தளர்ந்து போகுது, கெண்டைக்கால் சதையும் கொறஞ்சு போகுது, அப்புறம் அதே அஞ்சு கிலோமீட்டர் முன்னவிட பெரிய சுமையா வந்து அதும்மேல விழுது. என் ஏழாவது வாரக் கதை எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

அப்ப என்னதான் பண்றது? இங்கதான் ஸ்வீடன்ல உமியோ ஊர்ல இருக்கற ஹோகன் ஆல்ஃப்ரெட்சன்ங்கற எலும்பு டாக்டர் வர்றார். அவரும் ஓடுறவர், அவருக்கே இந்த அக்கிலிஸ் வலி. ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு பாத்தா அவரோட மேலதிகாரி ஒத்துக்கல. சரி, நாண் அறுந்துட்டா ஆபரேஷன் பண்ணித்தானே ஆகணும்னு அத அறுக்கறதுக்காகவே தெனமும் படில நின்னு குதிகால பாரத்தோட கீழ எறக்கி எறக்கி வதைச்சிருக்கார். நாண் அறுபடல. வலிதான் போயிடுச்சு. 1998ல அவர் ரொம்ப நாளா அக்கிலிஸ் வலியோட ஓட முடியாம இருந்த 15 பேருக்கு அதையே வைத்தியமா குடுத்தார். ஒரு தடவைக்கு 15 எறக்கம், அப்படி மூணு சுத்து, முட்டிய நேரா வச்சு ஒரு தரம், லேசா மடக்கி வச்சு ஒரு தரம், காலைல ஒரு வேளை சாயங்காலம் ஒரு வேளை, வாரம் ஏழு நாளும், 12 வாரம். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 180. அந்த 15 பேருமே திரும்ப ஓடினாங்க.

15 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கை, அது எனக்கும் தெரியும். பின்னால வந்த ஆராய்ச்சிங்கள்ல எல்லாருக்கும் இவ்வளவு நல்லா வேலை செய்யல, ஒடற்பயிற்சியே பழக்கம் இல்லாதவங்களுக்கு பலன் கம்மியாத்தான் இருந்துச்சு. 2015ல டென்மார்க்ல இன்னொண்ணு பண்ணாங்க, தெனமும் 180 வேண்டாம், வாரம் மூணு நாள் ஜிம்ல கனமான பாரத்த வச்சு மெதுவா ஏத்தி மெதுவா எறக்கினா போதும்னு, அதுலயும் பலன் கிட்டத்தட்ட சமமாத்தான் வந்துச்சு. ஆக படியா ஜிம்மாங்கறது முக்கியம் இல்ல. நாணுக்கு அது தாங்குற அளவுக்குக் கனமான, மெதுவான, விடாத இழுப்பு வேணும். அதான் விஷயம்.

எங்க வீட்டுப் பின்வாசல்ல மூணு படி இருக்கு, இங்க பழைய வீடுங்கள்ல போடுற செவப்பு பாலிஷ் போட்ட படி, தென்காசி வீட்டு ரெட் ஆக்சைடு தரை மாதிரியே பளபளன்னு இருக்கும், ஈரமா இருந்தா வழுக்கும், அதனால ஒரு பழைய சாக்கத் துண்டா வெட்டி விரிச்சேன். காலைல அஞ்சு மணி, ஹடீடா பறவைங்க கூரை மேல உக்காந்து ஊரையே எழுப்பிட்டு இருக்கும். கீழ்ப்படி ஓரத்துல முன்பாதம் மட்டும் வச்சு, குதிகால் வெளிய தொங்க, செவத்துல ரெண்டு வெரல ஊனிக்கிட்டு நிப்பேன். நல்ல கால வச்சு மேல ஏறிட்டு, முழு எடையையும் வலிக்கிற காலுக்கு மாத்தி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி குதிகால படிக்குக் கீழ எறக்கணும். எறங்கறப்போ கெண்டைக்கால் சதை நீண்டுக்கிட்டே பாரத்தத் தாங்குது, இதுக்கு எக்சென்ட்ரிக்னு பேரு. ரெண்டாவது சுத்துல அந்த ரெண்டு இன்ச் எடம் சூடாகும். மூணாவது சுத்துல கால் நடுங்கும். மேல ஏறும்போது வலிக்கிற காலால தூக்கக் கூடாது, மறந்து போயி நான் ரெண்டு நாள் தூக்கிட்டேன், ரெண்டு நாளும் பின்னால பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு.

மூணாவது வாரத்துல எடை பத்தல, ரொம்ப லேசா இருந்துச்சு. மகளோட ஸ்கூல் பேக்க எடுத்து ரெண்டு கிலோ அரிசிப் பாக்கெட் ரெண்டு வச்சேன். எட்டாவது வாரம் அஞ்சு பாக்கெட், பத்து கிலோ. சமைக்க அரிசி வேணும்னா பேக்லேந்துதான் எடுக்கணும், மறுநாள் திரும்ப நெரப்பணும்.

வலி அடிப்பாகத்துல, குதிகால் எலும்போட நாண் ஒட்டுற எடத்துலேயே இருக்குன்னா இப்படி படிக்குக் கீழ எறக்காதீங்க, அங்க நாண் எலும்போட நசுங்கி இன்னும் மோசமாகும், சமதரைல நின்னு தரை மட்டம் வரைக்கும் மட்டும் எறக்குங்க. எனக்கு மேல இருந்ததால படி சரியா வந்துச்சு.

இப்ப எல்லாரும் கேக்குறது, வலிக்கும்போது செய்யலாமா? நான் இதுலதான் ரொம்ப நாள் தவிச்சேன், கொஞ்சம் வலிச்சாலே ஐயோ கெடுத்துட்டேனோன்னு நிறுத்திடுவேன். இதுக்கும் ஸ்வீடன்லேந்துதான் பதில் கெடைச்சுது. சில்பர்னாகல்ங்கற பிசியோதெரபி ஆராய்ச்சியாளர் 2007ல 38 பேர ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ரெண்டு குழுவுக்கும் ஒரே பயிற்சிதான், ஆனா ஒரு குழு மொத ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ கூடாது, இன்னொரு குழு ஓடலாம், ஒரு நிபந்தனையோட. வலிய பூஜ்யத்துலேந்து பத்து வரைக்கும் மார்க் போடணும், அஞ்ச தாண்டக் கூடாது, மறுநாள் காலைல அது அடங்கியிருக்கணும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது. கடைசில ரெண்டு குழுவும் ஒரே மாதிரி தேறினாங்க. ஓடினவங்களுக்கு ஒண்ணும் மோசமாகல.

நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, எத்தனை பாக்கெட், ஓடினா எத்தனை கிலோமீட்டர், அப்புறம் மறுநாள் காலை மொத அடிக்கு எத்தனை மார்க். அந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். ஓடும்போது வலிக்குதா இல்லையாங்கறது பொய் சொல்லும், சூடேறினதும் மறைஞ்சிடுது இல்லையா, மறுநாள் காலை மொத அடி பொய் சொல்லாது. நாலு நாலு மூணு நாலு அஞ்சு, அடடா நேத்து ஸ்பீடா ஓடிட்டேன், கொறை, மூணு மூணு ரெண்டு. இப்படி பக்கம் பக்கமா. தூரத்தக் கூட்டறதுக்கு வாரத்துக்கு 10 சதவீதம்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்லுவாங்க. நெதர்லாந்துல புதுசா ஓட வந்த 486 பேர வச்சு மெதுவா கூட்டுற திட்டத்தையும் சாதாரண திட்டத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டுலயும் அஞ்சுல ஒருத்தருக்கு அடி பட்டுச்சு, வித்தியாசமே இல்ல. அதனால ஒரு சதவீதத்த வச்சு எல்லாருக்கும் பொதுவா அளக்க முடியாது, அவங்கவங்க காலைப் பாத்துத்தான் அளக்கணும். என் கால் சொல்றத நான் நோட்டுல எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருஷம் ஓட முடியாததால அங்கிளுக்கு உதவியா ரோட்டோரத்துல தண்ணியும் உப்பு போட்ட அவிச்ச உருளைக்கிழங்கும் வச்சுக்கிட்டு நின்னேன். அவர் நான் நீட்டின ரெண்டாவது பாட்டில வாங்கல. "தாகம் இல்ல மா, வேண்டாம்." எனக்கு ஒரே கவலை, அவர் வயசுக்கு வெயில்ல தண்ணி குடிக்காம ஓடுறாரேன்னு. சாயங்காலம் வெந்நீர்ல கால வச்சுக்கிட்டு விஷயத்தச் சொன்னார். அவர் ஓட ஆரம்பிச்ச காலத்துல முடிஞ்ச அளவுக்குக் குடி, தாகம் வர்றதுக்கு முன்னாடியே குடின்னுதான் சொல்லிக் குடுத்தாங்களாம். ஒரு தடவை அவர் கூட ஓடின நண்பர் ரோட்டோரத்துல தண்ணி வச்சிருந்த எல்லா மேஜைலயும் நின்னு நின்னு குடிச்சார், கடைசில பேச்சு குழறி, வாந்தி எடுத்து, மோதிரம் வெரல்ல இறுகிப்போற அளவுக்கு கை வீங்கி விழுந்துட்டார்.

இந்த விஷயம் ஒலகத்துக்கே தெரிஞ்சது இந்த ரோட்டுலதான்னு நான் அப்புறம்தான் படிச்சேன். 1981 காம்ரேட்ஸ்ல ஒரு பெண் மயக்கமாகி விழுந்தாங்க, எல்லாரும் நெனக்கிற மாதிரி ஒடம்புல தண்ணி வத்திப் போயி இல்ல, தண்ணி மிஞ்சிப் போயி. ரத்தத்துல சோடியம் அபாயகரமா கொறைஞ்சிருந்துச்சு. கேப்டவுன் யுனிவர்சிட்டி டாக்டர் டிம் நோக்ஸ் இது மாதிரி நாலு பேரப் பத்தி 1985ல எழுதினார். ரொம்ப நேரம் ஓடும்போது ஒடம்பு சிறுநீரக் கொறைக்கச் சொல்லி ஹார்மோன் சுரக்கும், அந்த நேரத்துல தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா வெளிய போக வழி இல்லாம ரத்தம் நீர்த்துப் போகும், மூளை வீங்கும், அந்த ஆளுக்கு தண்ணி வத்திடுச்சுன்னு நெனச்சு சாதாரண ட்ரிப்ஸ வேற ஏத்தினா உயிருக்கே ஆபத்து. எழுதி இத்தனை வருஷம் கழிச்சும் 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்த எடுத்துப் பாத்தா 13 சதவீதம் பேருக்கு சோடியம் கொறைவா இருந்துச்சு. இப்ப ஒலகம் பூரா டாக்டர்கள் சொல்றது தாகம் எடுத்தா குடிங்க, அவ்வளவுதான்னு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு அம்மா பாயசத்துக்குச் சொல்லுவாங்க, தண்ணிக்கும் அது பொருந்தும்னு நான் நெனச்சதே இல்ல. ஓய்வும் அப்படித்தான் எனக்கு நஞ்சா போச்சு, ஜனவரில ஓட்டமும் அப்படித்தான் ஆச்சு. அன்னிலேந்து யாராவது "நல்லா ரெஸ்ட் எடு, நல்லா தண்ணி குடி"ன்னா எவ்வளவுன்னு கேக்குறேன்.

கெண்டைக்கால் பிடிச்சுக்கறதுக்கும் உப்பு கொறைஞ்சதுதான் காரணம்னு நம்பிட்டு இருந்தேன். அதையும் கேப்டவுன்ல மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழு அளந்து பாத்துருக்காங்க, பிடிச்சவங்களுக்கும் பிடிக்காதவங்களுக்கும் ரத்தத்துல உப்பு அளவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல, களைச்சுப் போன சதைக்குப் போற நரம்புக் கட்டளைதான் தடுமாறுதுன்னு அவங்க சொல்றாங்க. பிடிச்ச சதைய மெதுவா நீட்டினா விடுதே, அதுக்கு இந்த விளக்கம்தான் பொருந்துது.

என் நெஞ்ச ரொம்ப உறுத்துற ஒரு விஷயத்த இங்க சொல்லிடணும். நான் வேலை பாக்குற ஸ்கூல்ல பொண்ணுங்க நெட்பால் ஆடுவாங்க. கிரவுண்ட ரெண்டு சுத்து ஓட்டம், கால நீட்டி குனிஞ்சு இருபது எண்ணுறது, நேரா ஆட்டம். போன வருஷம் மட்டும் ரெண்டு பொண்ணுங்க முட்டில லிகமெண்ட் அறுந்து, ஒருத்திக்கு ஆபரேஷன். பதினஞ்சு வயசு. நார்வேல 2008ல 1,892 ஃபுட்பால் பொண்ணுங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 20 நிமிஷ வார்ம் அப், ஃபிஃபா 11 பிளஸ்னு பேரு, ஒத்தக்கால்ல நிக்கிறது, குதிச்சு முட்டி உள்ள சாயாம எறங்கறது, தொடைக்கும் வயித்துக்கும் பலம் குடுக்கற பயிற்சி, பெரிய சாமான் ஒண்ணும் வேண்டாம். பலமான காயங்கள் கிட்டத்தட்ட பாதியா கொறைஞ்சுது. 2014ல 25 ஆராய்ச்சிங்கள ஒண்ணு சேத்து, மொத்தம் 26,610 பேர், கணக்குப் போட்டாங்க. பலப் பயிற்சி செஞ்சவங்களுக்கு காயம் மூணுல ஒரு பங்குக்கும் கீழ எறங்குச்சு. நீட்டி நீட்டி எண்ணுற ஸ்ட்ரெட்ச்சிங்குக்கு பலனே தெரியல. மூணுல ஒரு பங்கு! இத நான் ஸ்டாஃப் ரூம்ல போர்டுல எழுதியே காட்டினேன். இந்த நாட்டுல ரக்பிக்கு 2009லேந்து பாக்ஸ்மார்ட்னு ஒரு திட்டம் இருக்கு, கோச்சுங்களும் ரெஃப்ரிங்களும் அந்தப் பயிற்சிய எடுத்தே ஆகணும், கழுத்தும் முதுகெலும்பும் ஒடைஞ்சு பசங்க முடங்கிப் போறத தடுக்கறதுக்காக கொண்டு வந்தது. ஆம்பளப் பசங்க கழுத்துக்குக் காட்டுன அக்கறைய நம்ம பொண்ணுங்க முட்டிக்கும் காட்டச் சொல்றேன். இப்ப செவ்வாயும் வியாழனும் கிரவுண்டுல நானே நின்னு அந்த 20 நிமிஷத்த நடத்துறேன். குதிச்சு எறங்கும்போது முட்டி எங்க போகுதுன்னு ஒவ்வொருத்தியா பாக்குறேன்.

திரும்ப என் காலுக்கு வர்றேன். பன்னெண்டு வாரம் முடிஞ்சப்போ காலை மார்க் ஒண்ணு. ஆறு மாசத்துல பூஜ்யம் அடிக்கடி வந்துச்சு. ஆனா நான் நிறுத்தல, வாரம் மூணு நாள் அரிசிப் பை இன்னும் தொடருது. அதுக்கப்புறம் வந்த எறக்க வருஷத்துல காம்ரேட்ஸ் ஓடினேன். எறக்கம்னா சுலபம்னு ஊர்ல நெனப்பாங்க. க்ளூஃப்லேந்து பைன்டவுனுக்கு எறங்கற ஃபீல்ட்ஸ் ஹில்னு ஒரு சரிவு, கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர், அங்க வந்து சேரும்போது அறுபது கிலோமீட்டருக்கு மேல கால்ல ஏறியிருக்கும். ஒவ்வொரு அடிலயும் தொடை சதை நீண்டுக்கிட்டே ஒடம்பப் பிடிச்சு நிறுத்தணும், படில நான் பண்ணின அதே எக்சென்ட்ரிக்தான், ஆயிரக்கணக்குல. எனக்கு முன்னாடி போனவங்க சில பேர் திரும்பிக்கிட்டு பின்பக்கமா எறங்கினாங்க, தொடை அவ்வளவு போயிடுச்சு. நல்ல விஷயம் என்னன்னா இந்த மாதிரி எறக்கத்துல ஒரு தடவை அடி வாங்கி ஆறின சதை அடுத்த தடவை அதே அளவுக்கு அடி வாங்காது, பல வாரத்துக்கு அந்தக் காப்பு நிக்கும்ங்கறத ஆராய்ச்சில திரும்பத் திரும்பப் பாத்துருக்காங்க. அதனாலதான் பந்தயத்துக்கு முன்னாடி மாசத்துல அங்கிள் என்ன ரெண்டு ஞாயித்துக்கெழமை அந்த மலை மேல கூட்டிட்டுப் போயி மெதுவா எறக்கி விட்டார், அவருக்கு ஆராய்ச்சி தெரியாது, அவரோட கால்களுக்குத் தெரியும். அந்தச் சரிவுல அன்னிக்கு நான் நடக்கல. 11 மணி 20 சொச்சம் நிமிஷத்துல முடிச்சேன்.

இதப் படிச்சுட்டு உடனே படிக்குப் போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. பின்னாலேந்து யாரோ ஓங்கி ஒதைச்ச மாதிரி டப்புன்னு சத்தம் கேட்டு, அப்புறம் அந்தக் கால் நுனில எம்ப முடியலன்னா அது நாண் அறுந்தது, அன்னிக்கே ஆஸ்பத்திரி. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சாப்பிடுறப்போ நாண் அறுபடற வாய்ப்பு கூடும், டாக்டர்கிட்ட ஓடுறவங்கன்னு சொல்லுங்க, அந்த நாள்கள்ல ஓடாதீங்க. நெடுந்தூரம் ஓடும்போது புரூஃபென் மாதிரி வலி மாத்திரைய போட்டுக்காதீங்க, சிறுநீரகத்துக்கு ஆகாது. மத்தபடி உங்க கால பாத்துச் சொல்ல பக்கத்துல நல்ல பிசியோ இருந்தா காட்டிட்டு ஆரம்பிங்க.

போன மாசம் அங்கிள் கேட்ட தெறந்துட்டு வந்தப்போ லேசா நொண்டுறத பாத்தேன். கேட்டா ஒண்ணும் இல்லன்னார். ரெண்டு நாள் கழிச்சு அவரே "காலைல எந்திரிக்கறப்போ பின்னால இறுகுது மா, நடந்தா போயிடுது"ன்னார். எந்த எடம்னு தொட்டுக் காட்டச் சொன்னேன், குதிகாலுக்கு ரெண்டு இன்ச் மேல. "ஓய்வெடுத்தா சரியாயிடும்"னார். நான் ஒண்ணும் பேசல, நோட்ட எடுத்துட்டு வந்து காட்டினேன்.

இப்ப காலைல அஞ்சு மணிக்கு அவரும் வர்றார். சாக்கு ரெண்டு பேருக்குப் பத்தாதுன்னு அவர் பங்குக்கு ஒரு கால்மிதி கொண்டு வந்தார். வலது பக்கம் நான், இடது பக்கம் அவர், ஹடீடா கத்தறதுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றோம், அவர் எண்றது ஆயா சொல்லிக் குடுத்த தமிழ்லயே. நோட்டுல நடுவுல கோடு போட்டு அவருக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கேன். இன்னிக்குக் காலை எனக்கு பூஜ்யம். அவருக்கு நாலு, போன வாரம் அஞ்சு.